கிளட்சில் சிந்திய எண்ணெய்

மெக்கானிக்கம்மா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நீ கழுவி வைத்த கிளட்ச் ஜன்னலோரம் காய்கிறது. சத்தியமாக நான் தொடவில்லை.

நேற்று நம் பெண்ணுக்கு நீ செய்துகொடுத்த கோ-கார்ட் வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் கத்தியபோது, "இதுக்குத்தான் கடையிலேயே வாங்கலாம்னேன்" என்று வாய் கிழியப் பேசினேன். நீயோ கியரில்தான் கோளாறு என்று பின்னாலிருந்த பல்சக்கரத்தைக் கழற்றிப் பெரிதாக ஒன்றை மாட்டிப் பார்த்தாய். அப்போதும் கிளட்ச் வழுக்கிப் புகைதான் வந்தது.

கடைசியில் கிளட்சைத் திறந்தால் உள்ளே எண்ணெயாம். "செயினுக்கு விடும்போது நான்தான் சிந்திட்டேன்" என்று நம் பெண்ணிடம் சொன்னாயாம். இன்று காலையில்தான் எனக்குச் சொன்னாள்.

சிந்தியது நான். உனக்கு உதவுகிறேன் பேர்வழி என்று முந்தாநாள் செயினில் அரை டப்பா எண்ணெயை ஊற்றினேன். கிளட்சில் எண்ணெய் பட்டால் வழுக்கும் என்பதே எனக்குத் தெரியாது. நான் பேசிய பேச்சுக்கு நீ என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். பெண் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டாய். நன்றிம்மா.

பின்குறிப்பு: கிளம்புவதற்காக நான் செருப்பு மாட்டும்போது நம் பெண்ணிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். "தெரியும்ப்பா. இந்த வீட்டுல எண்ணெ டப்பாவ மூடாம வைக்கிறது நீங்க மட்டும்தானே" என்றாள். அவளும் இவ்வளவு நேரம் என் மானத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். உன் பெண்ணல்லவா!