‘வரலாமுங்களா’ என்று கேட்கும் இன்டரப்ட்

20 ஜனவரி 1986, திங்கள்

பனிமூட்டம். குடியரசு தின ஒத்திகைக்காக டில்லியில் பாதி சாலை மறிப்பு. பஸ் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வந்தது. ஆர்.கே.புரத்தில் ஏறும்போது இருந்த கால்விரல்கள் கல்லூரியில் இறங்கும்போது இல்லை.

வெள்ளிக்கிழமை கமிட்டி. துறைத்தலைவர் (இனி து.த.) சொல்லிவிட்டார். என் மெஷின் அவர்களுக்குப் பிடித்தால் என் வகுப்புக்கு லேப் உண்டு. பிடிக்காவிட்டால் இந்த வருடமும் ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது கரும்பலகையும் சாக்பீசும்தான். நீச்சலைப் படம் போட்டுச் சொல்லித்தருகிற கதை. இரண்டு வருடம் செய்தாயிற்று. மூன்றாவது வருடம் மாட்டேன்.

கல்லூரிக்கு இருப்பதே ஒரு கம்ப்யூட்டர். மாணவர்கள் அதன் அடிமடியில் கை வைத்தால் சம்பளப் பட்டியல் முதற்கொண்டு எல்லாம் நிற்கும். அதனால்தான் என் பொம்மை மெஷின்: நிஜக் கம்ப்யூட்டருக்குள் புரோகிராமாக ஓடும் ஒரு பொய்க் கம்ப்யூட்டர். பொய்க் கடிகாரம், பொய் டிஸ்க், பொய் கீபோர்டு. அவை ‘என்னைக் கவனி’ என்று கூப்பிடுகிற இன்டரப்ட்டும் பொய். போன கோடையிலிருந்து இதே வேலை.

இன்று குர்ப்ரீத்தை உட்கார வைத்துச் சோதனை. கடைசி வருட மாணவன், கெட்டிக்காரன், அவசரக்காரன். பயிற்சி: ரயில் டிக்கெட். இரண்டு கவுண்டர், ஒரே பெட்டி. அடுத்த காலி பெர்த்தின் எண்ணைப் பார், பெயரை எழுது, எண்ணில் ஒன்று கூட்டு. இந்த மூன்றும் முடியும்வரை இன்டரப்ட் வராமல் கதவைச் சாத்த வேண்டும். அதற்கு ஒரு வரி. சாத்தாவிட்டால் பாதியில் அடுத்த கவுண்டர் புகுந்து அதே பெர்த்தை இன்னொருவருக்கு விற்றுவிடும்.

அந்த வரியை எழுதவே மறந்துவிட்டான். ஆனாலும் ஓடியது. ஒரு தப்புகூட இல்லை.

“மேம், வோ லைன் தோ பூல் ஹீ கயா. ஃபிர் பீ சல் ரஹா ஹை!” மறந்துபோயும் ஓடுகிறதாம். ஒரே சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாங்க வேண்டியது: கேரட், மண்ணெண்ணெய், இவருக்கு உல்லன் சாக்ஸ்.

21, செவ்வாய்

பகல் முழுக்க அவன் புரோகிராமையே திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒரு பெர்த்தும் இரண்டு முறை விற்கவில்லை. தப்பான புரோகிராம் சரியாக ஓடுவதைப் பார்க்கிற எரிச்சல் இருக்கிறதே.

சாயங்காலம் இவருடன் பட்டாணி உரித்தபடி விஷயத்தைச் சொன்னேன். மினிஸ்ட்ரியில் ஃபைல் பார்க்கிறவர், கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கேள்வி கேட்பார்.

“உன்ற இன்டரப்ட்டு எப்ப உள்ள வருது?”

“ஒரு வேலை முடிஞ்சதும், யாராச்சும் கூப்பிட்டிருக்காங்களான்னு மெஷினு பாக்குமுங்க. கூப்பிட்டிருந்தா உள்ள விடும்.”

“வேலைக்கு நடுவுல?”

“நடுவுல பாக்காதுங்க.”

சிரித்தார் பாருங்கள். “அது நம்மூரு ஆளாட்ட இருக்குதே அம்மிணி! வாசல்லயே நின்னு, ‘ஏனுங்க, வேலையா இருக்கீங்களாட்ட இருக்குது, முடிச்சுப்போட்டு சொல்லுங்க, வரலாமுங்களா’ன்னு கேக்குது.”

கையிலிருந்த பட்டாணி கீழே.

அதுதான். அதேதான். காலையில் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறையை என் உள்ளங்கையில் வைக்கப் போகும் நேரம், ஒரு அம்மாள் கூடையோடு நடுவில் பாய்ந்தாள். “அரே ஹடோ, பெஹன்ஜி!” நகரச் சொல்கிறாள். சில்லறை காலடியில். நிஜ இன்டரப்ட் அந்த அம்மாள். நான் கட்டியிருப்பது கோபிச்செட்டிபாளையத்து மாப்பிள்ளை.

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று என்னை வளர்த்தார்கள். மெஷினையும் நான் அப்படியே வளர்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உற்சாகமாகவும் இருந்தது.

சாக்ஸ் மறந்துவிட்டது.

22, புதன்

வெயில் எட்டிப்பார்த்தது.

‘யாராவது கூப்பிட்டார்களா’ என்று பார்க்கும் வரியைப் பெயர்த்து இடம் மாற்றினேன். ஒரு வேலை முழுதாக முடிந்தபிறகு இருந்தது. இனி ஒவ்வொரு சின்ன ஆணைக்கும் பிறகு. எப்போது கூப்பிடுவது என்பதைப் பகடை தீர்மானிக்கும். பகடைக்கு ஒரு தொடக்க எண் கொடுக்க வேண்டும். அதே எண் கொடுத்தால் அதே இடங்களில் அதே குறுக்கீடு. இல்லாவிட்டால் ஒரு முறை வந்த தப்பை மறுபடி பிடிக்கவே முடியாது.

குர்ப்ரீத்தின் புரோகிராம்: 23ஆம் பெர்த், இரண்டு பேர். தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். பக்கத்து அறைக்காரர் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

சந்தோஷம் டீ ஆறும்வரைகூட நிற்கவில்லை. மெஷின் மொத்தமாக உறைந்தது. காரணம் நானே. என் சொந்த சிஸ்டத்துக்குள் எந்த புரோகிராம் அடுத்து ஓடும் என்ற வரிசையில் நானும் கதவைச் சாத்தவில்லை. மாதக்கணக்கில் தெரியவில்லை, மரியாதைக்கார மெஷின் காட்டிக்கொடுக்கவில்லை. குர்ப்ரீத்துக்காகத் தயார் செய்து வைத்திருந்த பிரசங்கம் ரத்து.

23, வியாழன்

கையெல்லாம் சாக்பீஸ். மூக்கடைப்பு.

து.த.விடம் போய்ச் சொன்னேன். சொன்னேன் என்பது பெரிய வார்த்தை. என் பங்கு இவ்வளவுதான்:

“சார், பழசுல ஒரு...”
“சார், அது ஓடறதே...”
“சார்...”

அவர் பங்கு: நாளைக்கு பழசையே போடுங்கள். “சல் ரஹா ஹை தோ சல்னே தீஜியே, மிசஸ் முத்து.” ஓடுகிறது, ஓடட்டும் விடுங்கள். கெட்ட மனிதர் இல்லை. லேப் கிடைக்க வேண்டும் என்று அவரும்தான் ஆசைப்படுகிறார். ஆனால் மூன்று வருடத்தில் என் வாக்கியம் ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் பெயர் நாச்சிமுத்து, அதில் பாதியையும் து.த. விழுங்கிவிட்டார்.

உறைகிற இடங்கள் இன்னும் இரண்டு கிடைத்தன. தொடக்க எண் இருப்பதால் ஒவ்வொன்றையும் திரும்ப வரவழைத்துப் பிடிக்க முடிந்தது. சாயங்காலம் எந்த எண் கொடுத்தாலும் ஓடியது. டிஸ்க்கில் இரண்டும் இருக்கிறது: பழசு, புதுசு.

பழசைப் போட்டால் லேப் நிச்சயம். ஆனால் அந்த லேப்பில் பிள்ளைகள் கதவைச் சாத்தாமலே பாஸ் ஆவார்கள், நிஜ வேலைக்குப் போய் நிஜ மெஷினைக் கவிழ்ப்பார்கள். அதற்குக் கரும்பலகையே மேல்.

24, வெள்ளி

நீலப் பட்டு, மேலே ஸ்வெட்டர். ஒரு பட்டன் இல்லை.

கமிட்டி மூன்று பேர். அதில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், மஃப்ளரைக் கழற்றவே இல்லை. அவர் சொல்தான் செல்லும் என்று பார்த்தாலே தெரிந்தது. து.த. என்னைப் பழசையே போட வைத்தார். குர்ப்ரீத்தின் தப்பான புரோகிராம் அழகாக ஓடியது.

து.த. ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். “பாருங்கள், மாணவன் தவறு செய்தாலும் இந்த சிஸ்டத்தில் தவறே வராது. இதன் சிறப்பே...”

“இல்லை சார்.”

நான்தான். எக்ஸ்க்யூஸ் மீ இல்லை, சாரி இல்லை. அவர் வாய் திறந்தபடி.

“தப்பு வரணும் சார். வராததுதான் கோளாறு.”

புதுசைப் போட்டேன். மஃப்ளர்க்காரரிடம் ஏதாவது ஒரு எண் கேட்டேன். நாற்பத்தொன்று என்றார். 9ஆம் பெர்த், இரண்டு பேர். மறுபடி நாற்பத்தொன்று. மறுபடி அதே பெர்த், அதே இரண்டு பேர். குர்ப்ரீத், முகம் சிவந்து, விட்டுப்போன வரியைச் சேர்த்தான். பெர்த்துக்கு ஒருவர்.

மஃப்ளர்க்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “போன மாதம் நாக்பூருக்கு இப்படித்தான் போனேன், ஒரு குண்டு மனிதரோடு.” பிறகு கேள்வி மேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

இன்டரப்ட் முடிந்தால் விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும், அது விதி. து.த. பக்கம் திரும்பி, “சார், நீங்க பாதியில நிறுத்தினீங்க, சொல்லுங்க” என்றேன். எங்கே விட்டார் என்று அவருக்கு நினைவில்லை.

25, சனி

செய்தி இல்லை. முடிவு திங்கள்கிழமைதான்.

“வேலைக்கு ஒண்ணும் ஆவாதே அம்மிணி?”

“ஆனா ஆவட்டுமுங்க.”

சொல்லிவிட்டு, பயந்துகொண்டே சட்னி அரைத்தேன். சரோஜினி நகரில் இவருக்கு சாக்ஸ். பழுப்புதான் கிடைத்தது.

27, திங்கள்

மறுபடி பனிமூட்டம். போனவுடனே து.த. கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் கமிட்டியின் தாள். லேப் உண்டு, பழசு இல்லை, புதுசோடுதான். வாரத்தில் செவ்வாய், வியாழன். நான் படித்து முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு: “மிசஸ் முத்து, ஆப்னே முஜே பீச் மே காட் தியா.” அவரை நடுவில் வெட்டிவிட்டேனாம்.

“ஆமாம் சார். நடுவுலதான் வரணும்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“அச்சா. போலியே.” சொல்லுங்கள் என்கிறார்.

உட்கார்ந்து, முதலிலிருந்து, எல்லாவற்றையும் சொன்னேன்.