மோட்டார் என்னிடம், ஜார் லூர்துவிடம்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கரண்ட் போவதும் வருவதுமாக. அடுப்புக்கு மேல் கொடியில் போட்ட துணியெல்லாம் புகை வாசம்.

மிக்ஸி ஜார் போயிற்று. மருமகள் ஜெசியின் வேலை. ஏலக்காய் ஸ்டோரில் கழித்துப்போட்ட காயைத் தோலோடு, கற்கண்டுக் கட்டியோடு, சட்னி ஜாரில் போட்டு ஓட்டியிருக்கிறாள். டீத்தூளில் கலக்கவாம். கத்தி இறுகி, தண்டு முறிந்து, ஜாரின் அடி பிளந்துவிட்டது. பெரிய ஜார் மகன் ஆரோக்கியம் கல்யாணத்திலேயே விரிசல் விட்டுப்போனது. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

மோட்டாருக்கு ஒன்றுமில்லை. ஜார் இல்லாமலே உறுமுகிறது.

"ஒங்க மிக்ஸிக்கு வயசாயிருச்சு அத்தை."

"எனக்குந்தான் ஆச்சு. என்னையும் எக்ஸ்சேஞ்சுல குடுத்துரு."

சிரித்தாள். எனக்கு வரவில்லை.

அவள் மிக்ஸி எங்கே என்று கேட்கலாம். பரணில். சிவப்பு லைட் எரிந்தது, நின்றது, அவ்வளவுதான். போர்டு போச்சாம், போர்டு வாங்குவதற்குப் புது மிக்ஸியே வாங்கிவிடலாமாம். மிக்ஸிக்குள் எதற்கு போர்டு?

இந்த வீட்டில் எனக்கு முன்னால் செத்தவை:
ஜெ. மிக்ஸி, மூன்று.
கரண்ட் கெட்டில்.
எமர்ஜென்சி விளக்கு. பாட்டரி உப்பிச் செத்தது.
டிவி. படம் நன்றாகத் தெரிந்துகொண்டிருந்ததே, பின் என்ன நோய் என்று கேட்டேன். சாஃப்ட்வேராம்.
ஆ. போன்கள். கணக்கில்லை.

சாகாதவை: அம்மி. என் வீட்டுக்காரர் சூசையின் கைக்கடிகாரம், சாவி கொடுத்தால் ஓடும். நான்.

அம்மியில் அரைக்கத் தோள் தூக்கவில்லை.

ஜூலை 9, புதன்

மழை. அட்டைப்பூச்சி வாசல்வரை வந்துவிட்டது. உப்பு வைத்தேன்.

ஆ. ஜீப்பில் ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும்போது நானும் தொற்றிக்கொண்டு பூப்பாறை போனேன். உடைந்த ஜார் பையில். மெக்கானிக் மலையாளத்துப் பையன், கையில் போன், காதில் ஒன்று. ஜாரைத் திருப்பிப் பார்த்தான்.

"அம்மச்சி, இது இப்ப வரில்லா."

"எப்ப வரும்?"

"இனி வராது. கம்பெனி நிறுத்திப்போயி. புது ஜார் இதுல கேறாது, அடியில பூட்டு வேற. ஒரு புதுசு எடுத்தோ. பழசு குடுத்தா கொறச்சுத் தருவாங்க."

"மோட்டார் நல்லா ஓடுதே."

"அதுதான் அம்மச்சி பிரச்சனை" என்றான். அவன் பாட்டுக்குச் சொன்னான். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சூசையும் என் தங்கச்சி லூர்துவின் வீட்டுக்காரரும் ஒன்றாகப் போய் வாங்கிய மிக்ஸிகள் இவை. அந்த வருடம் ஏலக்காய்க்கு நல்ல விலை, எஸ்டேட்டில் போனஸ் தாராளம். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், போடியில் ஒரே கடை. எனக்கு வெள்ளை, லூர்துவுக்கும் வெள்ளை. பச்சைதான் வேண்டும் என்று அவள் மூக்கைச் சிந்தினாள், பச்சை இல்லை. அன்றைக்கு அவள் கட்டியிருந்தது மாம்பழக் கலர் வாயில் சேலை, கரையில் மை கொட்டிய கறை. கடைக்காரர் அட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டே, "கெட்டா கொண்டு வாங்க, நான் இருக்கேன்" என்றார். இருந்தார். அவருக்குப் பின் அவர் மகன் இருந்தான். புஷ், பிரஷ், ஜார் மூடி வாஷர் என்று உதிரிச் சாமானெல்லாம் தகர டப்பாவில் குலுங்கும். இப்போது விற்கும்போதே இத்தனை வருடம்தான் கேரண்டி என்று நாள் குறித்துக் கொடுக்கிறார்கள். குறித்த நாளில் சாமானும் போகிறது.

எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் முதல் மிக்ஸி என்னுடையது. பக்கத்து வீட்டுக்காரிகள் தேங்காயும் மிளகாயும் தட்டில் வைத்துக்கொண்டு வாசலில் வரிசை. சூசை அதைப் பிளேன் என்பார். நான் சுவிட்சைப் போட்டதும் வெளியே நிற்பவர்களைப் பார்த்து, "எறங்கிருச்சு, பெட்டியக் கட்டுங்க" என்பார். தினமும் அதே பேச்சு. தினமும் சிரித்தார்கள்.

இப்போது வீட்டுக்கு வீடு மிக்ஸி. யாரும் யார் வாசலிலும் நிற்பதில்லை.

ஜூலை 10, வியாழன்

மழை கொஞ்சம் ஓய்வு. மலையில் மஞ்சு மூட்டம் மட்டும்.

ஜெ. போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். சொந்தக்காரர்கள் குரூப்பில் லூர்துவின் மகன் டேவிட் போட்டோக்கள் போட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போடி வீட்டைக் காலி செய்கிறானாம். லூர்துவைத் திருப்பூருக்கே கூட்டிப் போகிறானாம், அவன் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கட்டில், பீரோ, தையல் மிஷின், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கடைசிப் போட்டோவில் சாக்குமேல் ஒரு சட்னி ஜார். என் ஜாரேதான், ஆனால் அவளுடையது. அவள் மோட்டார் எரிந்து, பழைய இரும்புக்காரனுக்குப் போய்விட்டதாம். ஜார் மட்டும் கிடக்கிறதாம்.

மோட்டார் என்னிடம். ஜார் அவளிடம்.

"கேட்டுப் போடட்டா அத்தை?"

"ஒன் இஷ்டம்" என்றேன்.

லூர்துவோடு நான் பேசுவதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லோரும் மறந்துவிட்டார்கள், நான் மறக்கவில்லை. சூசையை அடக்கம் செய்த அன்று அவள் வரவில்லை. மலை ரோட்டில் மண் சரிந்துவிட்டது என்றாள். சரிந்தது உண்மை. மத்தியானத்துக்குள் மண்ணை அள்ளிவிட்டார்கள். அதே போடியிலிருந்து மலர்வளையக்காரன் வந்தான். பூ வாடாமல் வந்தது. கூடப் பிறந்தவள் மூன்றாம் நாள் வந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. நான் கதவைச் சாத்தவில்லை. காப்பி கொடுத்தேன். பேசவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை.

சாயங்காலம் பதில் வந்தது. எழுத்து இல்லை, குரல். லூர்து குரல்.

"யாரு கேக்குறது? எங்க அக்காளா? வேணும்னா அவளே வந்து வாங்கிக்கிடட்டும். குடுத்தெல்லாம் விடமாட்டேன்."

இன்னொரு தடவை போடச் சொன்னேன். சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்றேன். நன்றாகத்தான் கேட்டது. குரல் கரகரவென்று ஆகியிருக்கிறது. சளியா, வயசா.

ஜூலை 12, சனி

நல்ல மழை. ஓட்டிலிருந்து ஒழுக்கு, என் கட்டிலுக்கு நேரே. வாளி.

ஆ. சொல்கிறான், நெடுங்கண்டத்தில் எக்ஸ்சேஞ்ச் மேளா, நாளையோடு முடிகிறதாம். எந்த நிலையில் இருந்தாலும் எடுத்துக்கொள்வார்களாம்.

"எடுத்து என்னடா செய்வான்?"

"ஒடைப்பான்மா."

"ஓடுறதையா?"

"அவனுக்கு ஓடுனா என்ன, ஓடாட்டி என்ன. நீ அந்த மோட்டார எடுத்துக் குடு."

ஜெ. மோட்டாரைத் துடைத்துப் பையில் போட்டு வாசலில் வைத்தாள். அவள் தோசை ஊற்றப் போனதும் நான் அதை எடுத்து என் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். அந்தப் பையில் பரணில் கிடந்த அவள் மிக்ஸியை இறக்கி வைத்தேன். எக்ஸ்சேஞ்ச்.

லூர்து நாளைக்குப் போய்விடுவாள். போகட்டும். போடி என்றால் மலைக்குக் கீழே, நினைத்தால் பஸ் ஏறிப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வரலாம் என்று ஒரு தைரியம் இருந்தது. திருப்பூர் எங்கே இருக்கிறது என்று யார் கண்டது.

ஜார்தான் வேண்டும். வேறொன்றும் இல்லை.

புளி தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மாதா மன்னிக்கட்டும். எனக்குத்தான் மன்னிக்க வராது, மாதாவுக்குப் பழக்கம் உண்டு.

முதல் பஸ். மோட்டார் ஏலக்காய்ச் சாக்கில், மடியில். ஜார் பொருந்துகிறதா என்று பார்க்காமல் யார் வாங்குவார்கள்? போடிமெட்டு எல்லையில் பஸ்ஸை நிறுத்திச் சாக்குகளைச் சோதித்தார்கள்.

"என்ன பாட்டி, ஏலக்காயா? கனமா இருக்கு."

"மிக்ஸி."

பிரித்துப் பார்த்தான். "ஜார் எங்க?"

"கீழ இருக்கு."

"பாதி மிக்ஸியத் தூக்கிக்கிட்டு எங்க போறீங்க?"

"மீதிக்கு" என்றேன். பஸ்ஸே சிரித்தது. டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

வளைவு ஒவ்வொன்றிலும் மழை குறைந்து, கீழே வெயில் சுள்ளென்று. கம்பளியைக் கழற்றிவிட்டேன்.

லூர்து வீட்டில் எல்லாம் மூட்டை. சுவரில் படம் மாட்டியிருந்த இடமெல்லாம் வெள்ளைச் சதுரம். சுருட்டின பாய்மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"மெலிஞ்சு போயிட்ட" என்றாள்.

"நீ நரைச்சுப் போயிட்ட."

"மோட்டாரையும் தூக்கிட்டு வந்துட்டியா? நான் ஏமாத்திருவேன்னா?"

"ஒன்மேல எனக்கு எப்பவும் அந்த நம்பிக்கை உண்டு."

டேவிட், "பெரியம்மா, லாரி வந்துரும்" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றான். லாரி நிற்கட்டும் என்றாள் அவள். பக்கத்து வீட்டில் ஒரு மூடித் தேங்காய், பொட்டுக்கடலை, பச்சைமிளகாய் வாங்கி வரச் சொன்னாள். ஜாருக்கு மூடி இல்லை. ஒரு தட்டை வைத்து அவள் அமுக்கிக்கொண்டாள். ஜாரை வைத்துத் திருகினேன். டக் என்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டேன்.

அதே சத்தம். காலிவீட்டில் இன்னும் பெரிதாக. எங்கள் லயம், வாசலில் தட்டும் கையுமாகப் பொம்பளைகள், மூலையில் பீடியோடு அவர். எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் இருந்தது.

"எறங்கிருச்சு, பெட்டியக் கட்டுங்க" என்றாள் லூர்து.

நான் சுவிட்சை அணைத்தேன். அணைத்தபின்தான் கேட்டேன்.

"அன்னிக்கு ஏன் வரல?"

அவள் தட்டை எடுக்கவில்லை. அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"மலையடி முந்தல் வரைக்கும் வந்தேன்க்கா. மலர்வளையம் ஏத்துன வண்டியிலதான் வந்தேன். செக்போஸ்ட்ல எறங்கிட்டேன்."

"எதுக்கு?"

"நீ அழுது நான் பாத்ததே இல்ல. அப்பா செத்தப்பக்கூட நீதான் எனக்கு மூக்கச் சிந்திவிட்ட. நீ அழுதா நான் என்ன செய்யன்னு பயமா வந்துருச்சு."

"நான் அழல."

"தெரியும். பின்னால சொன்னாங்க. தெரிஞ்சிருந்தா வந்துருப்பேன்."

இது ஒரு காரணமா? காரணமே இல்லை. மூன்றாம் நாள் வந்து சொல்லியிருக்கலாம். கேட்டிருக்கலாமே என்கிறாள். நானா கேட்பேன்?

சட்னியை, டேவிட் கடையில் வாங்கி வைத்திருந்த இட்லியோடு தின்றோம். உப்பு கூடுதல். சொல்லவில்லை. சொன்னேன்.

பிறகு சண்டை. ஜாரைக் கழுவித் துடைத்துச் சேலையில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"ஏய், அது எனக்கு."

"யாரு சொன்னா?"

"திருப்பூர்ல ஒன் மருமவ புது மிக்ஸி வச்சிருக்காளே. ஒனக்கு எதுக்கு வெறும் ஜாரு?"

"ஒனக்கு எதுக்கு வெறும் மோட்டாரு? அத இங்க வச்சிட்டுப் போ, நான் கொண்டுபோய் அரைச்சுக்கிடுறேன்."

"ஆசையப் பாரு."

"இதக் குடுத்தா நீ மலையேறிருவ. இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்ட. ஒன்ன எனக்குத் தெரியாதா?"

பிடுங்கியிருக்கலாம். அவள் கையில் பலமில்லை, பார்த்தேன். மணிக்கட்டு குச்சிபோல. பிடுங்கவில்லை.

மோட்டாரைச் சாக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். லாரி என்னைத் தாண்டிப் போயிற்று. முன்சீட்டில் லூர்து, மடியில் பை. கையைக் காட்டினாள். நான் சாக்கைத் தூக்கிக் காட்டினேன்.

ஜூலை 17, வியாழன்

மழை விட்டபாடில்லை. தோள்வலி. தைலம் தீர்ந்தது.

ஜெ. நாலாவது மிக்ஸி வந்துவிட்டது. ஊதாக் கலர், பளபளவென்று. பெட்டிக்குள் தெர்மாகோல் பொடி, வீடு முழுக்கப் பறக்கிறது. பழைய மோட்டார் பையில் இல்லையென்று மேளாவில் போய்த்தான் கண்டுபிடித்தார்களாம். ஆ. இரண்டு நாள் முறைத்தான்.

"ஜார் எங்கம்மா?"

"திருப்பூர்ல."

"அப்ப எதுக்கு அவ்வளவு தூரம் போன?"

"அரைக்க."

தலையில் அடித்துக்கொண்டு ஜீப்பை எடுத்துப் போய்விட்டான்.

மத்தியானம் போன். லூர்து. ஜெ. போனுக்குத்தான் கூப்பிட்டாள், என்னிடம் பேச வேண்டும் என்றாள்.

"அக்கா, இங்க ஒருத்தரும் சட்னியே அரைக்கிறதில்ல. பாக்கெட்டுல வருது."

"நல்லாருக்கா?"

"நாசமாப் போகும். மாதா திருவிழாக் கொடியேத்தத்துக்கு வரட்டா?"

"ஜாரோட வா. கைய வீசிக்கிட்டு வந்தா பஸ்ஸ விட்டு எறங்க விடமாட்டேன்."

"மோட்டார் ஓடுதா இன்னும்? குடுத்துரலையே?"

"இரு" என்றேன். போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். ஜார் இல்லாமல் உறுமியது. அவள் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அணைக்கவில்லை.

ஜெ. ஓடி வந்து, "என்ன அத்தை, சும்மா எதுக்கு ஓட்டுறீங்க, எரிஞ்சிரும்" என்றாள்.

போனில் லூர்து இருக்கிறாள், பேசாதே என்றேன்.