தேர்தல் வேண்டாமென்று நான் சொன்ன காரணம்

எனிட்,

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. உன் அம்மாமேல் சத்தியம்.

காலையில் கருத்துக் கணிப்புக்கு ஒரு பெண் வந்தாள். "முன்கூட்டியே பொதுத் தேர்தல் வேணுமா சார்?" என்றாள்.

"வேண்டாம்மா. வாக்கெடுப்புல நம்ம நாடு ஐரோப்பாவை விட்டு விலகணும்னு நான் ஓட்டுப் போட்டேன், கூடவே இருக்கணும்னு என் பொண்டாட்டி போட்டா. நாலு மாசமா இந்த வீட்டுல பேச்சே சீட்டு எழுதி வெச்சுத்தான். இன்னொரு தேர்தல் வந்தா காகிதம் தீந்துடும்" என்றேன்.

அவள் அழுத அழுகையில் தொட்டியில் ஏப்ரலில் பூக்க வேண்டிய டூலிப் அக்டோபரிலேயே பூத்துவிட்டது.

நாலு மணிக்கு உன்னைக் கேட்க வருவாள். அவளிடமாவது பேசு. அடுப்பில் ஆட்டுக்கறி ஸ்டூ இருக்கிறது. உப்பில்லை என்றால் எழுதி வைக்காதே, நேரில் திட்டு.

நார்மன்

பி.கு.: வாக்கெடுப்பு அன்று மழை. நான் மதுக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓட்டுப் போடவே இல்லை.