பந்தல் அவரையில் மண் ஏறிய விவரம்

அனுப்புநர்
தே. அருள்ஜோசப், பி.எஸ்சி.,
தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் (ஓய்வு),
பாறைக்கொட்டாய்,
ஓசூர் வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
துணை இயக்குநர் அவர்கள்,
வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை,
கிருஷ்ணகிரி.

பொருள்: நாகக்குட்டை உழவர் சந்தை – இயற்கை விளைபொருள் வரிசை – எனது உழவர் அடையாள அட்டை நிறுத்திவைக்கப்பட்டமை – பொங்கலுக்கு முன் அட்டையைத் திரும்ப வழங்கவும், அதற்கு முன்பாக என் கடுகுச் செடிகளைப் பார்வையிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு, நான்காவது முறையாக எழுதுகிறேன். தவறு என் பக்கமும் இருக்கிறது என்பதால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஆகவே வரிசையாகத் தொடங்குகிறேன்.

1. ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் போல்ட்டுகளின் விட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலையாக இருந்தது. ஓய்வுக்குப் பின் என் மனைவி தேவமணிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த நிலத்தில் காய்கறி பயிரிடுகிறேன். என்னை நானே விவசாயி என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்றும் கூச்சம்தான். அதனால் தங்கள் துறை வழங்கிய அட்டையைப் பெரிதும் நம்பியிருந்தேன். புகைப்படமும் முத்திரையும் வைத்து, நான் உழவன் என்று அரசே அதில் எழுதியிருந்தது. சந்தேகம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

2. என் வயலில் இரசாயன உரமோ பூச்சிக்கொல்லியோ இல்லை. மாட்டுச் சாணம், வேப்பங்கொட்டைக் கரைசல், வரப்போரம் செண்டுமல்லி, பறவைகள் உட்காரக் குச்சிகள். முட்டைக்கோஸ் வரிசைகளுக்கு இடையே கடுகு விதைத்திருக்கிறேன். கோஸைத் தின்ன வரும் அந்துப்பூச்சிக்குக் கடுகு இன்னும் அதிகமாகப் பிடிக்கும். அது கடுகிலேயே முட்டையிட்டு, புழுவும் அங்கேயே தின்று, அங்கேயே பறவைக்கு இரையாகிவிடும். இதைத் தங்கள் துறையின் பயிற்சி வகுப்பில்தான் கற்றுக்கொண்டேன். மற்றவர்கள் மதிய உணவுக்குப் போனபோது நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால், உணவுக்குப் போயிருக்கலாம்.

3. பழக்க தோஷத்தால், பி.வி.சி. குழாயை அறுத்து மூன்று அளவில் வளையங்கள் செய்து, பீட்ரூட்டை அவற்றில் விட்டுப் பார்த்துத் தரம் பிரித்தேன். கழுவித் துடைத்தேன். அவரையை ஒரே நீளமாகப் பார்த்து அடுக்கினேன். சந்தையின் விலைப் பலகையில் எல்லா அளவுக்கும் ஒரே விலைதான் என்பதால் இதனால் யாருக்கும் பயன் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பிரிக்காமல் இருக்கக் கை ஒப்பவில்லை. என் மனைவி இது குறித்து, "முப்பது வருசம் போல்ட்டு அளந்த கை, பீட்ரூட்டக்கூட விட்டுவைக்கல" என்று கருத்துத் தெரிவித்துள்ளார்.

4. கடந்த ஐப்பசியில் எங்கள் சந்தையில் 'இயற்கை விளைபொருள் வரிசை' என்று சில கடைகளுக்குப் பச்சைப் பலகை வைத்தார்கள். நல்ல திட்டம். எனக்கும் அதில் ஒரு கடை கிடைத்தது. மூக்கண்டப்பள்ளியிலிருந்து வரும் லாவண்யா என்ற பெண்மணி, இரவு ஷிப்டு முடித்து நேராகச் சந்தைக்கு வருபவர், முதல் நாளே என் கடை முன் நின்று காய்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சார், இதெல்லாம் பாக்கெட்ல விக்கற காய் மாதிரி இருக்கு. பூச்சி கடிச்சது ஏதாச்சும் இருந்தா குடுங்க, கொழந்தைக்குச் செய்யணும்" என்றார். பூச்சி கடித்தது இல்லை என்று வருத்தம் தெரிவித்தேன். அவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விஷம் தெளித்தால் புழு தின்னாது என்ற அளவில் அவர் கணக்குச் சரியே. புழுவுக்குத் தனியாகப் பந்தி வைத்திருக்கிறேன் என்று அவருக்குச் சொல்ல எனக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

5. அடுத்த கடை திரு. நல்லுசாமி அவர்களுடையது. அவர் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. விடிவதற்கு முன் மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்து மண்டியிலிருந்து டெம்போ ஒன்று வருவதும், அது சந்தையின் பின்புறம் நிற்பதும், அதிலிருந்து இறங்கும் கோஸின் மேல் இலைகளில் சைக்கிள் ஸ்போக்கால் ஓட்டைகள் இடப்படுவதும் நான் பார்த்தவை. அந்த ஓட்டைகள் அனைத்தும் ஒரே விட்டம் கொண்டவை. எங்கள் தொழிற்சாலையில் அவை முதல் தரத்தில் தேர்ச்சி பெற்றிருக்கும். புழு இலையின் ஓரத்திலும் நரம்புகளுக்கிடையிலும் கோணல்மாணலாகத் தின்னும் என்பதை மட்டும் தகவலுக்காகக் குறிப்பிடுகிறேன். அவரது உழவர் அட்டையில் உள்ள நிலத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்ததையும் இங்கே எழுதவில்லை.

6. சந்தையின் நிர்வாக அலுவலர் அவர்கள் வாரம் ஒருமுறை பச்சைப் பலகைக் கடைகளைக் கண்ணால் பார்த்து ஆய்வு செய்வார். நேர்மையானவர், ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட இலவசமாக வாங்க மாட்டார். திரு. நல்லுசாமியின் கோஸைத் தூக்கிக் காட்டி, இயற்கை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு எடுத்துரைத்தார். என் காய்களைப் பார்த்து, இவ்வளவு சுத்தமான சரக்கு வியாபாரியிடம்தான் இருக்கும், அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் நடவடிக்கை எடுக்க நேரிடும் என்று எச்சரித்தார். எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. சரிங்க ஐயா என்றேன்.

7. இனி என் தவறு. அடுத்த சந்தை நாளுக்கு முந்தைய மாலை, காய்களுக்கு மண் பூசுவது என்று முடிவு செய்தேன். மண் எங்கள் வயல் மண்தான். அதில் பொய் எதுவும் கலக்கவில்லை. ஆனால் அதில் சிறு கற்கள் இருந்தன. பீட்ரூட்டின் தோல் சிராய்க்கும் என்று அஞ்சி, மாவு சலிக்கும் சல்லடையில் மண்ணைச் சலித்தேன். (அந்தச் சல்லடை குறித்து வீட்டில் தனியே ஒரு நடவடிக்கை நடந்து முடிந்துவிட்டது.) பிறகு ஒரே அளவு தண்ணீரில் குழைத்து, எந்தக் காய்க்கும் பாரபட்சம் காட்டாமல், பீட்ரூட், முள்ளங்கி, கோஸ், அவரை அனைத்துக்கும் சீராகப் பூசி நிழலில் உலர்த்தினேன்.

8. மறுநாள் நிர்வாக அலுவலர் அவர்கள் என் கடை முன் வெகுநேரம் நின்றார். ஒரு பீட்ரூட்டை விரலால் தேய்த்துப் பார்த்து, இது மண்ணா, முகத்துக்குப் போடும் பவுடரா என்று கேட்டார். பிறகு ஓர் அவரைக்காயைக் கையில் எடுத்து, கூட்டம் கேட்கும்படி, "பந்தல் மேல தலைக்கு ஒசரத்துல காய்க்கிற காயிங்க இது. இதுக்கு எப்படிங்க பெரியவரே மண்ணு ஏறிச்சு?" என்றார்.

ஐயா, பிறவி விவசாயி எவரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார். நாற்பது பேர் சிரித்திருப்பார்கள், திரு. நல்லுசாமி மட்டும் சிரிக்கவில்லை, தலையில் அடித்துக்கொண்டார். வெளிச் சரக்கை விவசாயி சரக்கு போல் காட்ட முயன்றதாகக் கூறி அங்கேயே என் அட்டை வாங்கி வைக்கப்பட்டது.

9. என் வேண்டுகோளின்பேரில் உதவி அலுவலர் ஒருவர் வயலைப் பார்க்க வந்தார். வாய்க்கால் தாண்ட வேண்டியிருந்ததால் ஜீப்பில் இருந்தபடியே பார்த்தார். கயிறு கட்டி நட்ட வரிசைகளும், ஒவ்வொரு வரிசையின் முனையிலும் விதைத்த தேதி எழுதிய தகரமும் அவர் கண்ணில் பட்டன. 'விதை நிறுவனத்தின் சோதனைத் திடல் போல் உள்ளது; தனிநபர் சாகுபடியாகத் தெரியவில்லை' என்று அறிக்கை கொடுத்திருப்பதாக அறிகிறேன். கடுகு வரிசை மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

10. அட்டை போனாலும் காய் நிற்பதில்லை. கோஸ் வெடிக்கும் பருவத்துக்கு வந்துவிட்டது, அவரை முற்றுகிறது. அப்போது திரு. நல்லுசாமி அவர்களே டெம்போவுடன் எங்கள் வயலுக்கு வந்தார். வயலைச் சுற்றிப் பார்த்தார், கடுகைப் பற்றி விவரமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சார், காய வெளய வெக்கறத நீங்க பாருங்க. அழுக்காக்கறத நான் பாத்துக்கறேன். அது ஒரு தனி வேலைங்க" என்று சொல்லி, அறுவடையை எடுத்துச் சென்றார். இன்றுவரை அப்படியே நடக்கிறது. விலையில் அவர் என்னை ஏமாற்றவில்லை. சந்தை விலைக்குக் கொஞ்சம் கீழே, மண்டி விலைக்குக் கொஞ்சம் மேலே.

11. ஆக, எந்தக் காய்க்காக என் அட்டை பறிக்கப்பட்டதோ, அதே காய், அதே சந்தையில், அதே பச்சைப் பலகையின் கீழ், என் பழைய கடைக்கு அடுத்த கடையில், உரிய மண்ணுடனும் ஓட்டையுடனும் விற்கிறது. என் மனைவி பார்த்துவிட்டு வந்தார். மூக்கண்டப்பள்ளி லாவண்யா எங்கள் கோஸைத்தான் வாங்கிப் போனாராம். அவர் குழந்தைக்கு நல்ல காய் போய்ச் சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி. நிர்வாக அலுவலர் அவர்களும் அந்தக் கோஸைப் பாராட்டினாராம். அதிலும் மகிழ்ச்சியே, ஆனால் அதை மகிழ்ச்சி என்று சொல்வது சரிதானா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

12. என் ஒருவனுடைய பிரச்சினை என்றால் இம்மனுவை நான்காவது முறையும் கிழித்திருப்பேன். பக்கத்து நிலத்து மாரம்மா, என்னைப் பார்த்துத் தன் கோஸிலும் கடுகு விதைத்தவர். நடந்ததைக் கேள்விப்பட்டதும் கடுகை எல்லாம் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டார். நான் தடுக்கப் போனபோது, "ஓட்டை இருந்தாத்தான் நல்ல காயின்னு ஆபீசரே சொல்றாரு. ஸ்போக்கு ஒண்ணு இருந்தாப் போதாதா சாமி, கடுகு எதுக்கு?" என்று கேட்டார். எதைக் காட்டினால் விலை கிடைக்கும் என்று துறை சொல்கிறதோ, அதைத்தான் எல்லோரும் விளைவிப்பார்கள். ஓட்டையைக் காட்டச் சொன்னால் ஓட்டை விளையும். வயலைக் காட்டச் சொன்னால், ஒருவேளை, கடுகு விளையும். இது கொள்கை சார்ந்த விஷயம் என்பதால் இதற்கு மேல் எழுத எனக்குத் தகுதி இல்லை.

ஆகவே கீழ்க்கண்டவற்றை, கண்டிப்பாக இதே வரிசையில், செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

(அ) தாங்களோ, வாய்க்கால் தாண்டக்கூடிய அலுவலர் ஒருவரோ என் வயலுக்கு நேரில் வந்து கடுகு வரிசையைப் பார்க்க வேண்டும். புழு தின்ற இலைகள் அங்கே வேண்டிய அளவு உள்ளன. அவை விற்பனைக்கு அல்ல, புழுக்களுக்கு.

(ஆ) திருப்தி ஏற்பட்டால் என் அட்டையைத் திரும்பத் தர வேண்டும். பொங்கலுக்கு முதல் நாள் அவரைக்கும் கோஸுக்கும் இருக்கும் கூட்டம் தாங்கள் அறிந்ததே.

(இ) அதன் பிறகே, தேவைப்பட்டால், திரு. நல்லுசாமி அவர்களின் கடையை ஆய்வு செய்ய வேண்டும். முன்னதாகச் செய்தால், அந்தக் கடையில் இருக்கும் ஒரே உண்மையான இயற்கை விளைபொருளான எங்கள் காய்களும் சேர்ந்து பறிமுதலாகும். அவரும் என்னைத்தான் சந்தேகிப்பார். மண் சலித்த சல்லடை விஷயத்தை வேறு நானே அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

(ஈ) பச்சைப் பலகைக்கான ஆய்வைச் சந்தையில் காயின் முகத்தைப் பார்த்து முடிக்காமல், நிலத்தில் கால் வைத்துத் தொடங்க வேண்டும்.

அட்டை திரும்பக் கிடைத்தால் இனி எந்தக் காயையும் வளையத்தில் விட்டுப் பார்க்க மாட்டேன் என்று உறுதி அளிக்க விரும்பினேன். என் மனைவி, நிறைவேற்ற முடியாத உறுதியை அரசாங்கத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டாம் என்று சொல்வதால் அந்த வரியை நீக்கிவிட்டேன்.

இடையூறுக்கு வருந்தும்,
தே. அருள்ஜோசப்

இடம்: பாறைக்கொட்டாய்
நாள்: 02.01.2009

இணைப்பு: கடுகு இலை, புழு தின்றது – ஒன்று.

குறிப்பு: இம்மனுவின் இரண்டாம் பக்க ஓரத்தில் உள்ள கறை எங்கள் வயல் மண். இலையைப் பறித்த கையோடு எழுத உட்கார்ந்ததால் தானாக ஒட்டிக்கொண்டது. சலிக்கப்படாதது.