பைபாஸுக்காக ஒரு ஜெபக் குறிப்பு

அன்பு மகன் வசந்துக்கு, ஆம்பூரின் முடிசூடாத சக்கரவர்த்தியும், உன்னைத் தோளில் சுமந்தே ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனவனுமான சித்தப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் நலம், உன் அம்மா சாப்பிடாமல் நலம், உன் அப்பா நலமில்லை. மஸ்கட்டில் நீயும் மருமகள் நிஷாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசினால் உன் அப்பா படுக்கையிலிருந்தே பிடுங்கி, கையெழுத்து போடாதே என்று உன்னிடம் கத்துகிறார், அதனால் உன் நிலத்தை நான் விற்க அதிகாரம் கேட்டு கூரியரில் வரும் பவர் பத்திரத்துக்குள் இதை மடித்து வைக்கிறேன்.

உன் அப்பாவுக்குக் குடலில் கட்டி, இந்த மாதத்துக்குள் எடுக்க வேண்டும், தள்ளினால் எடுத்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இருந்த பணமெல்லாம் உன் பேரில் மாதனூரில் வாங்கின முப்பது சென்டில் கிடக்கிறது. தோல் பதனிடும் டேனரித் தண்ணீர் பாய்ந்து உப்புப் பூத்த அந்த மண்ணில் முள்செடி முளைக்கவே கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும். நாற்பது வருஷம் டேனரியில் தோலைத் தடவித் தரம் பிரித்தவர், ஆடு குட்டியாயிருந்தபோது வந்த சொறியைக்கூட விரல் நுனியில் சொல்லிவிடுவார், அப்பேர்ப்பட்டவர் பைபாஸ் ரோடு வரும், விலை ஏறும் என்று இதை வாங்கினார். வீட்டு ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் கால்வலி, பிள்ளை பாக்கியம் என்று குறிப்பு எழுதிக் கொடுக்க, இவர் பைபாஸ் நம்ம பக்கம் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். நம்ம சபை ஐயரும் கண்ணை மூடி அதைக் கர்த்தரிடம் சொன்னார், நாங்கள் ஆமென் போட்டோம். பைபாஸ் திரும்பிவிட்டது, வசந்த், அதுதான் பேஜார்.

குடோன் கட்ட நிசார் அஹமது பாய் வந்து, வாங்கின விலைக்கு இரண்டு மடங்கு கேட்டார். கம்மி பாய் என்றார் உன் அப்பா. மூன்று மடங்கும் கம்மி. நோய் தெரிந்ததும் பாய் ஆஸ்பத்திரிக்கே வந்து நாலு மடங்கு சொல்லி, உன் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அன்பு, உசுரு இருந்தா வேற நெலம் வாங்கிக்கலாம்பா என்று அழுதார். அவர் போனதும் உன் அப்பா என் காதைக் கிட்டே இழுத்து, அழுவுறான்னா இன்னும் ஏறுவான்டா என்றார். நானும் யோக்கியனில்லை, மூன்று மடங்கில் இன்னும் கொஞ்சம் பொறு அண்ணே என்றவன் நான்தான். நீயும் போன வாரம், அப்பா சொல்றதும் சரிதானே என்றாயாம்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் வார்டுக்கு வந்து திருவிருந்து கொடுத்தார். அப்பத்தை வாயில் வாங்கிக்கொண்டே உன் அப்பா அவருடைய வேதப்புத்தகத்தின் தோல் உறையைத் தடவி, மூணாந்தரம் ஐயரே, ஜாஸ்தி குடுத்துட்டீங்க என்றார். நர்ஸ் சிரித்தார், நானும் சிரித்தேன், வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கர்த்தருடைய சரீரமான அப்பம் நாக்கில் இருக்கும்போதே விலை பார்க்கிறவருக்கு எத்தனை மடங்கு தந்தால் போதும், சொல்லு. கேட்டதைக் கர்த்தர் கொடுத்தார், கொடுக்கக் கொடுக்கப் பசிதான் ஏறியது.

நேற்று வலியில் என் கையைப் பிடித்துக்கொண்டு விக்கக் கூடாதுடா என்றார். ஊசி ஏறி மயங்கும்வரை, அரை மணி நேரம், பிடியை விடவில்லை, என் விரல் நீலமாகிவிட்டது. பேரம் பேசுகிறவர் பிடி அல்ல அது, பயந்தவர் பிடி. அதை நம்பித்தான் உன்னைக் கேட்கிறேன், அப்பா பேச்சை ஒரே ஒரு தடவை மீறு.

கர்த்தர் உங்கள் இருவரையும் ஆசீர்வதித்துக் காக்கட்டும். மூன்று தாளிலும் கையெழுத்து, எம்பசி முத்திரை, மறக்காதே. பிளேன் டிக்கெட்டும் இப்போதே போட்டுவிடு, எப்படியானாலும் நீ வர வேண்டியிருக்கும்.

உன் சித்தப்பா,
இஸ்ரவேல்