காலால் ஓட்டிய கார்

கராச்சர்மா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள பைசல் நானாவுக்கு, தங்கை அஸ்ரின் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கு வாப்பா, உம்மா, நான் எல்லோரும் நலம். கேம்பல் பே ஊரில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் நான்கு வார்த்தை பேசியதும் டியூட்டி என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கப்பலில் அங்கு வரும் செந்தமிழன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சந்தோஷச் செய்தி. நான் மறுபடியும் கார் ரேஸ் ஆடுகிறேன்.

ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு கேம் பெட்டியை உம்மா துணி போட்டு மூடிவிட்டார். வலது கை விரல் மடங்காதவளுக்கு அது எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். இந்த கேம் கம்பெனிக்காரர்கள் கையை நம்பித்தானே எல்லா வித்தையும் காட்டினார்கள்? ஒருவர் கையை வீசி ஆடச் சொன்னார், இன்னொருவர் பிடியை அதிர வைத்தார். கை ஒத்துழைக்காதவர்களுக்கும் கன்ட்ரோலர் வந்துவிட்டது என்று பிசியோதெரபி உமா மகேஸ்வரி மேடம் சொல்லித்தான் தெரிந்தது. வாப்பா மெயின்லேண்டிலிருந்து வரவழைத்தார். தட்டையான பலகை, அதில் இட்லி அளவுக்கு இரண்டு பொத்தான். காலுக்குப் பெடலும் மாட்டலாம். இடது கையால் திருப்புகிறேன், காலால் வேகம் கூட்டுகிறேன்.

முதல் வாரம் முழுக்கச் சுவரில்தான் முட்டினேன். வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "தீரே, தீரே, மெதுவா" என்று வெறுந்தரையில் பிரேக் மிதித்தார்.

நேற்று ஆன்லைனில் எட்டுப் பேர் ரேஸ். நான்தான் முதல். ஹெட்செட்டில் மதுரைப் பெண் சங்கவி, "எந்த விரலால இப்படித் திருப்புறே?" என்று கேட்டாள். என் கையைப் பற்றியும் பெடலைப் பற்றியும் சொன்னேன். பாவம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன் நானா. "அடிப்பாவி, காலாலயா என்னைத் தோக்கடிச்சே?" என்று சிரித்தாள். உடனே அடுத்த ரேஸுக்குக் கூப்பிட்டாள். உம்மா அடுப்படியில் நின்று அழுதார். பிறகு தெருவுக்கே சேமியா பாயசம் கொடுத்தார்.

உங்களிடம் இருப்பது வேறு கம்பெனிப் பெட்டி என்று சாக்குச் சொல்ல வேண்டாம். இந்த ஆட்டத்தில் எந்தப் பெட்டிக்காரரும் சேர்ந்து ஓட்டலாம். அங்கே நெட் சரியில்லை என்றால் கப்பலேறி வாருங்கள். இரண்டு பெருநாளாக உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. அன்று ஸ்கூட்டரை ஓட்டியது நீங்கள் என்பதை இந்த வீட்டில் யாரும் மனதில் வைத்திருக்கவில்லை. நீங்கள் மட்டும்தான் வைத்திருக்கிறீர்கள்.

அல்லாஹ் உங்கள் இரண்டு கைகளுக்கும் நல்ல பலம் தரட்டும். என்னை ஜெயிக்க அது தேவைப்படும்.

உங்கள் தங்கை,
அஸ்ரின்