அன்னபேதியைப் போட்ட கை

என் தெய்வானை அக்காவுக்கு,

நீ இருக்கும்போது உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே அடுப்படியில் கிடந்தவர்களுக்குள் கடிதம் எதற்கு? நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், எழுத்து கோணலாகத்தான் வரும். நினைவில் மட்டும் கோணல் கிடையாது. இதை மூடி ஒட்டாமல் ஊரார் படிக்கும்படியே எழுதுகிறேன். உன்னைப் பேசியதும் ஊரார் நடுவில்தானே.

போன மாதம் நம் வீட்டில் கல்யாணம், என் பேத்தி கலாவுக்கு. நலங்கில் முதல் மஞ்சளை யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. "வசந்தா எடுக்கட்டும்" என்றேன். உன் மகள்தான் இந்த வீட்டுக்கு மூத்த பெண். வல்லத்தில் புருஷன் பிள்ளைகளோடு நல்லபடியாகக் குடித்தனம் நடத்துகிறாள். வேறு யார் எடுப்பார்கள்? என் மருமகள் சரோஜா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"வேணாம் அத்தை. வசந்தா அக்கா நல்லவங்கதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவங்க அம்மா கைராசி ஊருக்கே தெரியும். அந்தக் கைதானே இதுவும்? நல்ல காரியத்துல எதுக்கு டென்ஷன்?"

"நீ அவளைப் பாத்திருக்கியாடி?"

"பாக்கலதான். சொல்லுவாங்க இல்ல."

சொல்லுவார்களாம்! உன் முகத்தையே பார்க்காத ஒருத்தி உன் கையைப் பற்றிப் பேசுகிறாள் அக்கா. நீ போய்ச் சேர்ந்தும் அந்தப் பேச்சு போகவில்லை. உன் மகள் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், வசந்தா மஞ்சள் எடுக்காமல் இந்தக் கல்யாணம் நடக்காது என்று.

அந்தப் பேச்சு எங்கே பிறந்தது என்று படிக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும். நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நம் மாமனார் ஊர்க் கணக்குப்பிள்ளை. கடை மை நம் தெருவுக்கு வராத காலம் அது. வீட்டுப் பெண்கள்தான் மை காய்ச்ச வேண்டும். கடுக்காய்த் தோலை இடித்து ஊறவைத்துக் காய்ச்சி வடிகட்டுவாய். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அன்னபேதியை, பச்சைக் கற்கண்டு போல இருக்குமே அந்த உப்பை, அதில் போட்டால் சாறு கறுக்கும். கருவேலம் பிசினைக் கரைத்து ஊற்றினால் வேலை முடிந்தது. மாமியார் காட்டிய அளவு எதுவோ அதையே நீ போட்டாய். நான் விறகு தள்ளிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

மாமனார் காலமாகி உன் வீட்டுக்காரர் கணக்குக்கு வந்தார். வந்ததும் மையில்தான் முதல் குற்றம் கண்டுபிடித்தார். எழுதும்போது வெளுத்துத் தெரிகிறதாம். காற்றுப் பட்டு மறுநாள் தானாகக் கறுத்துவிடும் என்று நீ சொன்னாய். "எழுதும்போதே காக்கா மாதிரி கறுப்பா இருக்கணும். நாளைக்குக் கறுத்தா எவனுக்குத் தெரியும்?" என்று அவரே டப்பாவைத் திறந்து ஒரு கை அன்னபேதியை அள்ளிப் போட்டார். "போதுங்க, அத்தை இம்புட்டுதான் சொன்னாங்க" என்றாய். "எனக்கே மை சொல்லித் தர்றியா நீ?" என்று இன்னொரு கை போட்டார். அவர் வேட்டியில் தெறித்த கறை எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட என்னால் சொல்ல முடியும். அது வெளுக்கவில்லை என்றும் உன்னைத்தான் திட்டினார்.

அதற்குப் பிறகு வீட்டில் அதுதான் அளவு. சிங்கவரம் பாதையில் நமக்கு இருந்த புன்செய்க்கும் பக்கத்து நிலத்துக்கும் எல்லை பேசி, அந்த மையில்தான் ஒப்பந்தம் எழுதினார். பல வருஷம் கழித்துத் தகராறு வந்து கோர்ட்டில் அதைப் பிரித்தால், எழுத்து இருந்த இடமெல்லாம் ஓட்டை. சல்லடையை வைத்துக்கொண்டு எந்த நீதிபதி தீர்ப்புச் சொல்வார்? புன்செய் கைவிட்டுப் போனது. வீட்டுக்கு வந்தவர் வாசற்படியில் நின்று தெருவே கேட்கும்படி சொன்னார்: "இவ காய்ச்சின மை. இவ கை பட்டது எதுவும் வெளங்காது."

நீ வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். என் வீட்டுக்காரர் என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அதற்காக அவரை நான் மன்னித்தது கிடையாது. அவர் இப்போது அங்கேதானே இருக்கிறார், நீயே கேட்டுப் பார்.

அன்று முதல் விதை நெல்லில் உன் கை படக்கூடாது என்றார்கள். பெண் பார்க்க யாராவது வந்தால் உன்னைப் பின்கட்டுக்குப் போகச் சொன்னார்கள். எதிர்வீட்டு ராஜம் தன் மகள் சீமந்தத்தில் உன் கையிலிருந்த வளையல் தட்டை வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தாளே, அதற்குப் பிறகு அவள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் நான் குடித்ததில்லை. அவள் கருமாதிக்கும் போகவில்லை. பழசை மறந்துவிடு என்று என்னிடம் சொல்கிறார்கள். பார்த்தால், அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாம் பழசைச் செய்தவர்களாகவே இருக்கிறார்கள்.

இனி புதுச் சேதி. பரம்பரைக் கணக்குவேலையை அரசாங்கம் எடுத்துவிட்டது அக்கா. மாமனாரும் உன் வீட்டுக்காரரும் எழுதிய கணக்குக் கட்டுகள் பரணில் சும்மா கிடந்தன. சென்னையில் பழைய காகிதங்களைச் சேர்த்து வைக்கிற காப்பகம் ஒன்றிலிருந்து கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஜீப்பில் வந்தார்கள். நம் ஊர்க் கோட்டையைச் சுற்றி எந்தெந்த வீட்டில் பழைய கட்டு இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு நம் வீட்டுக்கும் வந்தார்கள். அதில் சுமதி என்று ஒரு பெண். கெமிஸ்ட்ரி படித்தவளாம்.

"மருந்து படிச்ச பொண்ணுக்குப் பழங்காகிதத்துல இன்னா வேலை?" என்று கேட்டேன்.

"எழுதியிருக்கிறதைப் படிக்க வேற ஆளு இருக்காங்க பாட்டி. காகிதம் ஏன் சாகுதுன்னு பாக்கிறதுதான் என் வேலை."

எனக்குப் பிடித்துவிட்டது. மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமனார் கட்டைப் பிரித்தாள். காகிதம் பழுத்திருந்தது, எழுத்து அப்படியே நின்றது. அடுத்து உன் வீட்டுக்காரர் கட்டு. ஒரு தாளை இடுக்கியால் தூக்கினாள். எழுத்தெழுத்தாக உதிர்ந்து பாயில் விழுந்தது. கோர்ட்டில் விழுந்த மாதிரியே.

"பூச்சியாம்மா?"

"பூச்சி எழுத்தைப் பாத்தா திங்கும்? அது கண்டபடி மேயும். இங்க எழுத்து மட்டும்தான் போயிருக்கு, பாருங்க."

பெட்டியிலிருந்து ஒரு நீலக் காகிதத்துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, உதிர்ந்த எழுத்தின் மேல் அழுத்தினாள். சிவந்துபோனது. இன்னொரு துண்டை மாமனார் எழுத்தின் மேல் வைத்தாள். அது லேசாக நிறம் மாறியதோடு சரி.

"இந்த மைல அன்னபேதி அதிகம் பாட்டி, அது இரும்பு உப்பு. கடுக்காயோட சேந்தது போக மிச்சம் நிக்கிற இரும்பும் அமிலமும் காகிதத்தை உள்ளுக்குள்ளயே எரிச்சிடும், நெருப்பில்லாம. உடனே தெரியாது. வருஷம் ஆக ஆகத்தான் தெரியும்."

"எங்க வீட்டு மைக்கு மட்டும்தான் இந்தச் சீக்கா?"

"அய்யோ, எங்க காப்பகத்துல அலமாரி அலமாரியா இருக்கு. கம்பெனிக்காரங்க காலத்துக் கடுதாசியெல்லாம்கூட இப்படித்தான். வெள்ளைக்காரன் சீமையில எழுதினதும் ஓட்டைதான்."

"அவன் வீட்ல எந்தப் பொம்பள கை பட்டுச்சாம்?" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை, இருந்தாலும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். சரோஜாவையும் கூப்பிட்டேன், அவள்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும். அந்தப் பெண்ணை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். சொன்னாள். பிறகு மாமனார் கட்டை அவர் முன்னால் தள்ளி வைத்தேன்.

"மாமா, இது யாரு காய்ச்சின மை?"

"அவதான்."

"உங்க கட்டு?"

"அதுவும் அவதான். இன்னா கேள்வி இது?"

"ஒரே கை காய்ச்சினது. பழசு நிக்குது, புதுசு கொட்டிப்போச்சு. நடுவுல எந்தக் கை வந்துச்சு மாமா?"

அவர் சரோஜாவைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், உதிர்ந்து கிடந்ததைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் நகரவில்லை.

"ஆமா, போட்டேன். அதுக்கு இன்னா இப்போ? செத்தவ எழுந்து வரப்போறாளா?"

"அவ வர வேணாம். நீங்க வல்லத்துக்கு வாங்க. இதை உங்க பொண்ணுகிட்ட சொல்லி, அவளை நலங்குக்கு நீங்களே அழைக்கணும்."

"முட்டி வலிக்குது."

"பஸ் இருக்குது."

சரோஜா எழுந்து உள்ளே போனாள். முறைத்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். தட்டோடு திரும்பி வந்தாள். "அத்தை, வெத்தலை பாக்கோட பூவும் வெக்கட்டுமா? வசந்தா அக்காவுக்குக் கனகாம்பரம் புடிக்கும்." என் மருமகளைப் பற்றி நான் நல்லதாகச் சொல்வது அபூர்வம். அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

வல்லத்துக்குப் போனோம். வசந்தா தட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே அவர் சொல்லிவிட்டார், எங்கே தைரியம் போய்விடுமோ என்று.

"மைல மருந்தை அதிகமா போட்டது நான்தான்மா. உங்கம்மா வேணாம்னுதான் சொன்னா."

வசந்தா அழவில்லை. உன் மாதிரிதான், முகம் அசையாது.

"இதை அம்மா இருக்கும்போது சொல்லியிருக்கலாமே நைனா."

அவர் திண்ணையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குப் பதில் என்னிடம் இருந்தது, ஆனால் அது அவர்கள் இரண்டு பேர் விஷயம் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். வசந்தா என் பக்கம் திரும்பி, "சின்னம்மா, நான் வந்தா அங்க யாராவது மூஞ்சைத் திருப்புவாங்களா?" என்றாள். "திருப்பினா அந்த மூஞ்சு அங்கயே நிக்கும், நான் பாத்துக்கிறேன்" என்றேன். அப்போதுதான் தட்டை வாங்கினாள்.

கலா நலங்கில் முதல் மஞ்சள் உன் மகள் எடுத்தாள் அக்கா. தெருப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். அப்புறம் வரிசையாக எழுந்து வந்தார்கள். கன்னத்தில் வைத்த மஞ்சளைக் கலா துடைக்கவே விடவில்லை. நான் பொட்டு இல்லாதவள் என்று கதவோரம் நிற்க வைத்துவிட்டார்கள். அது வேறு சண்டை, அதையும் ஒருநாள் போடுவேன்.

கட்டுகளைச் சென்னைக்குக் கொடுத்துவிட்டோம். சுண்ணாம்புத் தெளிவில் நனைத்துப் புளிப்பை எடுத்து, மெல்லிய பட்டுத்துணி ஒட்டி வைப்பார்களாம். இனிமேல் உதிராது, ஆனால் போன எழுத்து போனதுதான் என்றாள் சுமதி. எடுத்துப் போகும்போது எழுதியவர் பேரைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். "மை காய்ச்சினவ பேரையும் எழுது" என்றேன்.

"அப்படி எழுதற வழக்கம் இல்லையே பாட்டி."

"இல்லன்னா நீ ஆரம்பி. தெய்வானைன்னு எழுது. ரெண்டாவது கட்டுல அன்னபேதி அதிகம் போட்டது யாருன்னும் எழுது."

இரண்டையும் எழுதினாள். எனக்குப் படித்தும் காட்டினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இருக்கிறேன். ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. அன்றைக்கு வாசலில் ஏன் பேசாமல் நின்றாய்? என்னைப் போலவே நீயும் பார்த்தாய், நீயே வேண்டாம் என்றும் சொன்னாய். பயமா? வீட்டு மானமா? இல்லை, சொல்லிச் சொல்லி உன் கையில்தான் ஏதோ இருக்கிறது என்று நீயே நம்பிவிட்டாயா? கடைசிக் காலத்தில், அப்போது கல்யாணமாகாத என் மகனுக்கு நெற்றியில் திருநீறு வைக்கப் போய்க் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாயே. அதை நான் பார்த்தேன். உன் கையில் ஒன்றும் இல்லை அக்கா. அதை உனக்குச் சொல்லத்தான் இத்தனை எழுத்தும்.

நான் உயிரோடு இருக்கிறவரை இந்த வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் முதல் கை உன் மகள் கைதான். எனக்குப் பிறகும் அப்படியே நடக்கும், சரோஜாவிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். உன் வீட்டுக்காரர் உடம்பு தளர்ந்துகொண்டு வருகிறது. எனக்கு முன்னால் அங்கே வந்தாலும் வருவார். வந்ததும் நைச்சியமாக ஏதாவது பேசுவார், நீயும் சரி போகட்டும் என்று சொல்லிவிடுவாய். சொல்லாதே. நான் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு, அவர் சொல்வதை இரண்டு பேருமாகக் கேட்போம்.

இப்படிக்கு,
உனக்கு ஓரகத்தியாக வந்து தங்கச்சியாகவே இருக்கிற
பாக்கியம்